பேய் வீட்டில் கத்துவது யார்?

பேய் வீட்டில் டேப் ஓடுகிறது என்று என்னிடம் முதலில் சொன்னவர் ராட்டினக்காரர். எங்கள் ஊர்ப் பொழுதுபோக்குப் பூங்காவில் அவருடைய மரக்குதிரை ராட்டினத்துக்கும் பேய் வீட்டுக்கும் நடுவே ஒரு தண்ணீர்க் குழாய்தான் எல்லை. அந்தக் குழாயடியில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஏதோ அரசாங்க ரகசியத்தைக் கைமாற்றுகிறவர் போல என் காதருகே குனிந்தார்.

"சார், நீங்க பத்திரிகையில எழுதறவர்தானே? ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு போட்டுடாதீங்க. அந்த வீட்டுக்குள்ள ஒரு புள்ளயும் கத்தறது இல்ல. வெளிய கேக்குதே, அத்தனையும் டேப்பு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் குதிரையில ஏறுற பசங்களப் பாத்தாலே தெரியுதே. ஏறும்போதும் கொட்டாவி, இறங்கும்போதும் கொட்டாவி. அம்மா போட்டோ எடுக்கணும், அதுக்காக உக்காந்திருக்குதுங்க. இதே பசங்க நாலடி தள்ளிப் போனதும் ஐயோ அம்மான்னு அலறுதுங்களாமே! நம்பற மாதிரியா இருக்கு?"

நம்பும்படியாக இல்லைதான். ஆனால் ராட்டினக்காரரும் நம்பும்படியாக இல்லை. பூங்கா முதலாளி பழைய ஆட்டங்களில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் கண்ணில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே உலகம் சுற்றும் பெட்டிகள் வைக்கப்போகிறார் என்று பேச்சு. பூங்கா ஆட்கள் அதற்குக் கண்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். போவது குதிரையா, பேயா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. குதிரைக்காரர் பேயைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் உப்புப் பார்த்துத்தான் விழுங்கவேண்டும்.

இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு இதெல்லாம் பிடிக்குமா என்று கேட்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள். பதில் சொல்பவர்களும் பெரியவர்கள். நான் ஒரு மாறுதலுக்குக் குழாயடியில் நின்ற ஒரு பையனிடமே கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "எதுக்கு அங்கிள் கேக்கறீங்க?" என்றான்.

ஒரு சனிக்கிழமை பேய் வீட்டுச் சுவரோரம் போய் நின்றேன். பெரிய மண்டையோடு ஒன்று வாயைத் திறந்திருக்கும்; வாய்க்குள் கறுப்புத் திரை. பக்கத்தில் மரப்பலகைக் கூண்டில் டிக்கெட்காரர். தொண்டையில் ஒலிபெருக்கி வைத்துத் தைத்தது போன்ற மனிதர். "உள்ள போறவங்க திரும்பி வந்தா அதிர்ஷ்டம்!" என்று அவர் போடும் சத்தத்தில் குழாயடியில் புறாக்கள் பறக்கும். குழந்தைகள் மட்டும் நகராது.

வரிசையில் மூக்கடைத்த பையன் ஒருவன் நின்றான். "அப்பா, இது போர்ப்பா," என்று மூக்கால் சொல்லிவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஓர் அலறல். அதுவும் மூக்கடைத்த அலறல். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. டிக்கெட்டுக்குக் கொடுத்தது வசூலாகிவிட்டது. பையன் மறுபக்கம் சாவகாசமாக வந்தான்.

எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாயிற்று. சளி பிடித்த டேப் எங்கே விற்கிறது?

மறுவாரம் என் அக்கா மகளைக் கூட்டிப்போனேன். எதைக் காட்டினாலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்கிற வயது. வரிசையில் நின்றபடியே, "மாமா, இது போர் மாமா, மண்டையோட்டுக்குப் பல்லு பெயின்ட் உரிஞ்சிருக்கு," என்று ஆரம்பித்துவிட்டாள். உள்ளே போனாள். "மாமா! மாமா!" என்று அவள் குரலில் ஓர் அலறல். நான் ஓட்டமும் நடையுமாக வெளிவாசலுக்குப் போனால், அவள் பைக்குள் கைவிட்டபடி வருகிறாள்.

"எலும்புக்கூட்டுக்கு ஒரு கை இல்ல மாமா. வௌவால் கயித்துல சிக்கிக்கிட்டு நிக்குது, பாவம்."

"நீ ஏன் அப்படிக் கத்துன?"

"நானா? நான் எங்க கத்துனேன்?"

"மாமான்னு கத்துனியே, என் காதால கேட்டேனே."

அவள் என் முகத்தை உற்றுப்பார்த்தாள். "வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா மாமா?"

வீட்டில் அக்கா சிரித்தாள். "பயந்தத ஒத்துக்கவே மாட்டா, அவங்க அப்பா மாதிரி." குழந்தை எத்தனையோ தடவை சத்தியம் செய்தாள். சுவர் இரண்டே தடவை கத்தியது. குடும்பம் முழுக்கச் சுவரைத்தான் நம்பியது.

அதற்குப் பிறகுதான் பின்வாசல் வழியாகப் போவதென்று முடிவு செய்தேன். தேநீர் வேளை. கதவைத் தள்ளியதும் பெயின்ட் வாசனையும் பழைய துணி வாசனையும். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல் ஒரு பெண் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பாதி வெள்ளைப் பூச்சு. மடியில் ஒரு நீளமான கறுப்புச் சவுரி, பூனைக்குட்டி போலச் சுருண்டிருந்தது. பூங்காவில் எல்லாரும் அவளைப் பேயக்கா என்பார்கள். பக்கத்தில் டிக்கெட்காரர் பன் தின்றுகொண்டிருந்தார். அவர் அவள் புருஷன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் பேயக்கா உதட்டை அசைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் பன்னை விழுங்கிவிட்டு முழங்கினார்: "யாரு நீங்கன்னு கேக்கறா!"

சொன்னேன். மறுபடி உதடு அசைந்தது.

"முதலாளி அனுப்பினாரான்னு கேக்கறா!"

"இல்லை."

"ராட்டினக்காரன் அனுப்பினானான்னு கேக்கறா!"

நான் கொஞ்சம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை அவள் அப்படியே எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது கண்ணிலேயே தெரிந்தது. இனி இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பெயராது என்று நினைத்தேன். சும்மா வீசிப் பார்ப்போம் என்று, "போன வாரம் என் அக்கா மகள் உள்ளே வந்தாள். அவள் குரலில் யாரோ கத்தினார்கள். அவ்வளவு சரியாக அமையவில்லை என்று தோன்றியது," என்றேன்.

பேயக்கா பிளாஸ்கைக் கீழே வைத்தாள். "மாமா, இது போர் மாமா, மண்டையோட்டுக்குப் பல்லு பெயின்ட் உரிஞ்சிருக்கு," என்றாள்.

என் அக்கா மகள் அந்த அறையில் இல்லை. ஆனால் நான் திரும்பிப் பார்த்தேன்.

"அமையலயாம்ல," என்று முணுமுணுத்தாள். அதைப் புருஷன் கத்திச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

குட்டு உடைந்த பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை. சொல்லப்போனால், யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி இருந்தது. சுவரில் தாழ்வாக ஒரு ஓட்டை, அதில் பொருத்திய தகரப் புனல். புனலின் மறுமுனை வெளியே வரிசை நிற்கும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் சிலந்திக்குப் பின்னால் இருக்கிறது. வரிசையில் குழந்தை முனகுவதைப் பேயக்கா காதை வைத்துக் கேட்பாள். குழந்தை திரையைத் தாண்டியதும் டிக்கெட்காரர் கூண்டுப் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார். அதே புனலில் வாயை வைத்து, அதே குழந்தையின் குரலில் அலறுவாள். உள்ளே காற்று ஊளையிடும் பெட்டி ஓடுவதால் குழந்தைக்குக் கேட்காது. வெளியே நிற்கும் பெற்றோருக்கு மட்டும் கேட்கும். சத்தம் போதவில்லை என்றால் தட்டு தொடர்ந்து விழும். அவள் இன்னும் கத்துவாள்.

"இது ஏமாத்து வேலை இல்லையா?" என்றேன்.

அவள் சொல்ல, அவர் முழங்கினார்: "டிக்கெட் எடுக்கறது அப்பா அம்மா. அவங்க கேக்கணும்னு வந்தத அவங்களுக்குக் குடுக்கறோம். புள்ளைங்க ஒண்ணும் கேக்கல, அதுங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. இதுல யார ஏமாத்தறோம்னு கேக்கறா!"

பூங்காவுக்கு அவள் வந்தது எலும்புக்கூடுகளுக்கு வெள்ளை அடிக்க. அப்போது பேயாக இருந்தவர் நெட்டையான ஒரு மனிதர். ஒரு பையன் தண்ணீர் பாட்டிலால் முழங்காலில் போட்ட போட்டில் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். அன்று மாலை மட்டும் சமாளிக்கச் சொல்லி இவளுக்குச் சவுரியைக் கொடுத்தார்கள். அந்த மாலை இன்னும் முடியவில்லை. கல்யாணம் பேசும்போது பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டதற்கு, "கம்பெனியில, உள்வேலை," என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார் விடவில்லை, ஒருநாள் வேவு பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். திரும்பி வந்து மகனிடம் சொன்னாராம்: "உங்க கம்பெனியில இருட்டுல ஒருத்தி உக்காந்திருக்காடா. மூஞ்சியக் கழுவினா லட்சணமாத்தான் இருப்பா."

"அந்தக் காலத்தில் குழந்தைகள் நிஜமாகவே கத்தினார்களா?" என்று கேட்டேன்.

பேயக்காவுக்கு அந்தக் காலத்தின் மேல் ஒரு பாசமும் இல்லை. புருஷனுக்குக் காத்திராமல் அவளே கிசுகிசுத்தாள். "அப்பவும் பாதி பசங்க கத்தல சார். ஒருத்தன் கத்துனா பக்கத்துல இருக்கறவன் கத்துவான், அவ்வளவுதான். அந்த முதல் ஆளு வரது நின்னு போச்சு. சரி, நாமளே தொடங்கி வைப்போமேன்னு ஒருநாள் கத்துனேன். பின்னாடி யாரும் கத்தல. நான் மட்டும் கத்திக்கிட்டே இருந்துட்டேன்."

தொழிலுக்குக் குரல் வேண்டும் என்பதால் வீட்டில் அவள் குரலைச் செலவழிப்பதில்லை. பூங்காவின் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், ஊழியர்களுக்கான இரண்டு அறை வீடு. அங்கே திட்டவேண்டியதை அவள் கிசுகிசுப்பாள், புருஷன் உரக்கத் திட்டுவார். பால்காரனைத் திட்டுவதும் அவர்தான், வெளியூரில் படிக்கும் மகனைப் போனில் திட்டுவதும் அவர்தான். சில சமயம் அவரையே அவர் திட்டிக்கொள்ள நேரும். "குளிச்ச துண்ட கட்டில் மேல போடாதய்யா, எத்தன தடவ சொல்றது!" என்று அவரே தன்னைப் பார்த்துக் கத்துவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள், பாவம், இந்த முரடனோடு அந்த வாயில்லாப் பூச்சி எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ என்று உச்சுக்கொட்டுகிறார்கள். அந்த உச்சுக்கொட்டலை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

கிளம்பும்போதுதான் அவள் விஷயத்துக்கு வந்தாள். முதலாளி வருகிற சனிக்கிழமை தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார். பேத்தி கத்தினால் பேய் வீடு இருக்கும். கத்தாவிட்டால் கண்பெட்டி. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை போகும். வேலையோடு ஜெனரேட்டருக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு அறையும் போகும்.

"அதுவரைக்கும் எழுதாதீங்கன்னு சொல்றா!"

"பார்க்கலாம்," என்றேன்.

அவள் உதடு அசைந்தது.

"பாக்கலாம்னா எழுதுவேன்னு அர்த்தமா, எழுத மாட்டேன்னு அர்த்தமான்னு கேக்கறா!"

வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை நான் குழாயடியில் நின்றேன். ராட்டினக்காரரும் நின்றார், அவருடைய குதிரைகள் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. முதலாளி வந்தார். சந்தேகப்பட்டே பணக்காரர் ஆனவர், நாற்காலியில் உட்காருமுன் அதையும் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். கூடவே பேத்தி, மூக்குக்கண்ணாடி போட்ட குட்டிப் பெண். வெயிலுக்குக் குழாயில் முகம் கழுவினாள். கண்ணாடியைத் தாத்தா கையில் கொடுத்திருந்தாள்.

"தாத்தா, இதுல என்ன இருக்கு? எல்லாம் பொம்மைதானே? நான் போக மாட்டேன் தாத்தா, போர்," என்று வரிசையில் நின்று அழுத்தந்திருத்தமாக வாதாடினாள். பிளாஸ்டிக் சிலந்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு தடவ போயிட்டு வாடா கண்ணு. தாத்தாவுக்காக."

அவள் திரையைத் தூக்கி ஒரு காலை உள்ளே வைத்தாள். டிக்கெட்காரர் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த நொடியில் அவள் காலை வெளியே எடுத்தாள்.

"கண்ணாடி இல்லாம எப்படித் தாத்தா பேயப் பாக்கறது?" என்று திரும்பி ஓடிவந்து தாத்தாவிடம் கையை நீட்டினாள்.

உள்ளிருந்து அவள் குரலில் அலறல் வந்தது. "தாத்தா! வேணாம் தாத்தா!"

முதலாளியின் முகம் மலர்ந்தது. "கத்தறா பாரு!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு தன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது யார் என்று குனிந்து பார்த்தார்.

டிக்கெட்காரருக்கு வியர்த்துவிட்டது. நிறுத்து, நிறுத்து என்று பலகையைப் படபடவென்று தட்டினார். இத்தனை வருஷத்தில் அவர்களுக்கு நிறுத்தவேண்டிய தேவையே வந்ததில்லை. அதற்கென்று ஒரு தட்டு அவர்களிடம் இல்லை. தொடர்ந்து தட்டினால் இன்னும் கத்து என்றுதான் அர்த்தம். பேயக்கா இன்னும் கத்தினாள். அவர் இன்னும் தட்டினார். அவள் உயிரைக் கொடுத்துக் கத்தினாள். "தாத்தா! என்ன விட்டுட்டுப் போகாத தாத்தா!"

குட்டிப் பெண்ணின் முகம் வெளுத்தது. மண்டையோட்டின் வாயைப் பார்த்தாள், தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "தாத்தா," என்றாள் மெதுவாக, "உள்ள நான் கத்தறேன்." பிறகு அவளும் அலறினாள். அதே குரல், உள்ளேயும் வெளியேயும்.

குழாயடியில் இருந்த குழந்தைகள், குல்பி வண்டியருகே நின்ற குழந்தைகள், குதிரை மேல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், எல்லாரும் பேய் வீட்டை நோக்கி ஓடினார்கள். சுற்றுகிற குதிரையிலிருந்து ஒருவன் குதித்தே வந்தான். ராட்டினக்காரர் அவன் பின்னால் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

முதலாளி பின்வாசல் வழியாகப் புகுந்தார். பேத்தி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நான் அவளுக்குப் பின்னால். பேயக்கா வாளி மேல் மண்டியிட்டுப் புனலுக்குள் வாயை வைத்தபடி இருந்தாள். திரும்பிப் பார்த்தவள் வாயோரத்தில், தொண்டை கட்டாமலிருக்க ஓர் அதிமதுரக் குச்சி.

"எத்தன வருஷமா இது?" என்றார் முதலாளி.

அவள் உதடு அசைந்தது. தொண்டை போய்விட்டது. டிக்கெட்காரர் ஓடிவந்து, மூச்சிரைக்க, பழக்கதோஷத்தில் முழங்கினார்: "உங்க பேத்திய கத்த வைக்கச் சொன்னீங்க, கத்திட்டாங்களே ஐயான்னு சொல்றா!"

முதலாளி என்ன பதில் சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் குட்டிப் பெண் முன்னால் வந்து, கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு, பேயக்காவிடம் கையை நீட்டினாள்.

"என் குரல குடு."

பேயக்கா அவளைப் பார்த்தாள்.

"என்னக் கேக்காம எடுத்தியில்ல? குடு."

பேயக்கா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, காற்றாகச் சொன்னாள்: "இப்ப வராது கண்ணு. கட்டிக்கிச்சு. அடுத்த சனிக்கிழம வா, தரேன்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பான்னு சொல்றா!" என்றார் டிக்கெட்காரர்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். குரலைத் துவைத்துக் காயப்போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் கையில் டார்ச்சோடு வந்தாள். குரலை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று எலும்புக்கூட்டின் விலாவுக்குள் எல்லாம் அடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு பள்ளித் தோழிகளைச் சாட்சிக்குக் கூட்டிவந்தாள். விஷயம் பரவிவிட்டது. இப்போது பேய் வீட்டு வரிசையில் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு, குரலைத் திருட்டுக் கொடுத்துவிடாமல், சைகையில் பேசியபடி நிற்கிறார்கள். அப்பா அம்மாக்களுக்கு ஒன்றும் புரியவில்லை. என் அக்கா மகளும் போய் வந்தாள். தன்னுடையதும் அங்கேதான் இருக்கிறதா என்று விசாரிக்க. அக்கா இப்போதும் அவளை நம்பவில்லை.

அப்படியும் உள்ளேயிருந்து அலறல் வருகிறது. வரிசையில் குழந்தையின் குரலைக் கேட்காமல் பேயக்கா யாரைப் போலக் கத்துவாள்? அப்படியானால் கத்துவது குழந்தைகளேதானா? ராட்டினக்காரர் குழாயடியில் குனிந்து, "இந்தத் தடவ நிஜமாவே டேப்பு சார்," என்கிறார்.

எனக்கு வேறு சந்தேகம். அத்தனை சூட்சுமமாக வேலை செய்தவர்கள் நிறுத்துவதற்கு ஒரு தட்டு மட்டும் வைத்துக்கொள்ள மறந்தார்கள் என்பது எனக்குச் செரிக்கவில்லை. போன வாரம் பின்வாசலில் நின்று நேராகவே கேட்டேன். "அன்னைக்கு நடந்தது நிஜமாவே தவறுதானா அக்கா?"

பேயக்கா சவுரியைச் சிக்கெடுத்துக்கொண்டே ஏதோ சொன்னாள். நான் டிக்கெட்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இத நான் சொல்ல மாட்டேன்," என்றார், எனக்குத் தெரிந்து முதல் தடவையாகச் சாதாரணக் குரலில்.

முதலாளி இன்னும் கண்பெட்டிக்கு ஆள் அனுப்பவில்லை. எப்போது என்று கேட்டால், "பாப்பாவுக்கு அங்க ஒரு பாக்கி இருக்கு. அது தீரட்டும், அப்புறம் பாக்கலாம்," என்கிறார். இந்தச் சனிக்கிழமையும் பாப்பா வந்து கையை நீட்டினாள். குரலில் ஒரு ஓரம் கிழிந்துவிட்டதாம், தைக்கக் கொடுத்திருக்கிறார்களாம். அடுத்த வாரம் கட்டாயம் கிடைத்துவிடும் என்றார்கள்.